சுவரைப் பார்த்த திரை

"உங்க பேர்ல விசாரணைப் பதிவு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. சட்டத்துல விலக்கு இருக்கு. அடுத்தவர் வாங்க."

விசாரணைத் துறையின் தகவல் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எழுத்தர் இதைச் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் அவர் வாயில் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. யாரிடம் சொல்கிறோம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கேட்டுக்கொண்டு நின்றவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவளுடைய அக்காவும் அத்தானும் போன வருடம் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன ஒரே மகளைத் தானே வளர்க்கிறேன் என்று மனு போட்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோது, 'மனுதாரரைப் பற்றி விசாரணைத் துறைக்கு ஆட்சேபம் உண்டு' என்று குழந்தைகள் நல அதிகாரி குண்டைத் தூக்கிப் போட்டார். என்ன ஆட்சேபம் என்றால், துறையைப் போய்க் கேள் என்றார். துறையில் கேட்டால் இந்த வழவழ வாக்கியம். எந்த அலுவலகம் நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருந்தாலும் கேட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. தனிநபர் தகவல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விசாரணைத் துறையின் பதிவுகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு.

நாளைக் காலையில் தீர்ப்பு. குழந்தை சித்தியிடம் இருப்பாளா, அப்பா வழிப் பெரியப்பா வீட்டுக்குப் போவாளா என்பது நாளை தெரிந்துவிடும்.

"துணிப்பையைப் பிரிக்கவே மாட்டேங்கறா," என்றாள் சித்தி, வெளியே வந்ததும். "எங்க இருக்கப்போறேன்னு தெரிஞ்சப்புறம் பிரிக்கறேன் சித்தின்னு சொல்றா. பையிலிருந்தே பல்லு விளக்கற பிரஷ்ஷை எடுக்கறா, திரும்பவும் பையிலேயே வைக்கறா."

இதைக் கேட்டுக்கொண்டே அண்ணியோடு கூட வந்தவன் ரேடியோ. வாய் ஓயாதவன் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. தொழில், அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். அலுவலகம் என்பது சலவைக்கடைக்கு மேலே இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. அண்ணி என்பது நிஜமாகவே அண்ணி, அவனுடைய அண்ணனின் மனைவி. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர், கணவர் இருதயக்கோளாறில் போன பிறகு சொந்தமாகக் கடை விரித்தார். கொழுந்தனையும் கூடவே கூட்டி வந்தார்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவன் ரேடியோதான். புது வழக்கு என்றால் ஆயிரம் கேள்வி கேட்டுக் குடைகிற அண்ணி, இந்தத் தடவை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்த மருந்துக்கடை?" அவன் சொன்னதும், "சரி, வரச் சொல்லு" என்றுவிட்டார். தன் வாய்ச் சாமர்த்தியம்தான் என்று ரேடியோ அன்றைக்கு மார்தட்டிக்கொண்டான்.

சித்தியை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அண்ணி தேநீர் இயந்திரத்தின் பக்கம் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்.

"உள்ள என்ன பாத்தே?"

"மனுஷ மூஞ்சியையே பாக்காம ஒருத்தர் மக்கள் சேவை பண்றதைப் பாத்தேன். பெரிய கலை அண்ணி அது."

"கம்ப்யூட்டர் திரை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"அவர் பக்கம்தான். நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

"இவ பேரை அடிச்சப்புறம்?"

ரேடியோ யோசித்தான். எழுத்தரின் கை எழுந்தது, திரையின் ஓரத்தைப் பிடித்தது, பக்கவாட்டில் தள்ளியது. "சுவத்துப் பக்கம் திருப்பினார்."

"இவளுக்கு முன்னாடி ஒரு பெரியவர் வந்தாரே. அவருக்கும் அட்சரம் பிசகாம இதே வாக்கியம்தான். ஆனா அப்போ திரை திரும்பலை. அதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் திரும்பலை." அண்ணி தேநீரை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "அவர் முதுகுக்குப் பின்னாடி கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருக்கு பாரு. அதுல திரை அப்படியே தெரியும். விலக்குப் பதிவு வந்தா திரையைச் சுவத்துப் பக்கம் திருப்புங்கன்னு யாரோ ஒரு மகராசன் உத்தரவு போட்டிருக்கான். பதிவு இல்லாதவங்களுக்குத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லையே. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி பேசணும்னு வாயைப் பழக்கினாங்க. கையைப் பழக்க மறந்துட்டாங்க."

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரகசியத்தைக் காப்பாற்றப் போட்ட ஏற்பாடே ரகசியத்தைப் போட்டு உடைக்கிறது. இந்த அலுவலகத்தைத் தவிர வேறு எங்கேயும் இப்படி ஒரு கூத்து நடக்க வழியில்லை என்று நினைத்தான்.

"அப்போ கவுண்டர்ல யாரை நிக்க வச்சாலும், அவங்க பேர் உள்ள இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுபோயிரும்."

"இவமேல போட்டுக்கொடுத்தவங்க பேரும் அதே பதிவுலதான் இருக்கும். ஃபோனை எடு."

சந்தேகப் பட்டியலில் இரண்டே பேர். ஒருவர், குழந்தையின் பெரியப்பா. குழந்தையோடு, பெற்றோர் அவளுக்கு விட்டுப்போன வீடும் கைக்கு வரும் என்பதால் அவருக்குத் திடீர்ப் பாசம். இன்னொருவர் சித்தி வேலை பார்க்கும் மருந்துக்கடை முதலாளி. அவர் சித்திக்கு நற்சான்று கொடுத்தவர், அதனால் வெறும் ஒப்புக்குத்தான் அவரையும் சேர்த்தார்கள். 'நாளைக்குத் தீர்ப்பு சொல்ற இடத்துல உங்களையும் துருவுவாங்க, உங்க பேர்ல ஏதாவது இருக்கான்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கறது நல்லது' என்று ரேடியோ தேனொழுகப் பேசினான். இருவரும் மதியமே வருகிறோம் என்றார்கள்.

"ஒத்துப் பாக்கறதுக்கு எதுலயும் சிக்காத ஆள் ஒருத்தர் வேணும்," என்றார் அண்ணி. "நீயும் நில்லு."

ரேடியோ ஓரடி பின்வாங்கினான். "நான் எதுக்கு அண்ணி? என் பேர்ல என்ன இருக்கப்போகுது?"

"அதனாலதான் உன்னைச் சொல்றேன்."

முதலில் பெரியப்பா வந்தார். எழுத்தர் கையை மட்டும் நீட்டினார்: "அடையாள அட்டை." பெரியப்பா பர்ஸிலிருந்து ஒரு குப்பைமேட்டையே வெளியே எடுத்து அட்டையைத் தேடிக் கொடுத்தார். எழுத்தர் அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினார். என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்த பெரியப்பாவின் மூக்கு கவுண்டர் கண்ணாடியில் இடித்தது. வழவழ வாக்கியம் வந்தது. திரை இருந்த இடத்திலேயே இருந்தது.

சித்தியின் முகத்தில் ஏமாற்றம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. போட்டுக்கொடுத்தது பெரியப்பாதான் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

அடுத்து முதலாளி. மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. பெயரைச் சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வேடிக்கை பார்த்தபடி நின்றார். எழுத்தர் தட்டினார். வாக்கியம் வந்தது. திரை அசையவில்லை. ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடியும்மா, தைரியமா இரு," என்று சித்தியிடம் சொல்லிவிட்டு முதலாளி காரேறிப் போனார்.

ஆக, இரண்டு பேருமே இல்லை. கேஸ் ஊற்றிக்கொண்டது என்றுதான் ரேடியோ நினைத்தான். இனி தான் எதற்கு என்று நைசாக நழுவப் பார்த்தபோது, அண்ணி கண்ணாலேயே கவுண்டரைக் காட்டினார்.

எழுத்தர் கேட்ட அட்டையைக் கொடுத்தான். எழுத்தர் எழுத்தெழுத்தாகத் தட்டினார். பிறகு அவருடைய கை எழுந்து, திரையின் ஓரத்தைப் பிடித்து, சுவர்ப் பக்கம் திருப்பியது.

"உங்க பேர்ல விசாரணைப் பதிவு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

ரேடியோ திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியின் பார்வை பிடரியில் சுடுவது பார்க்காமலே தெரிந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பையில் உள்ள எல்லாவற்றையும் ரேடியோ எடுக்கலாம், சாவி, பேனா, எது வேண்டுமானாலும். உட்பக்கம் இருக்கும் சின்ன ஜிப்பை மட்டும் தொடக்கூடாது. 'அதுல என்ன அண்ணி, புதையலா?' என்று எத்தனையோ தடவை கிண்டலடித்திருக்கிறான். இப்போது அண்ணியின் கட்டைவிரல் அந்த ஜிப் இருக்கும் இடத்தை மேலாக நெருடிக்கொண்டிருந்தது.

"இந்த வழக்கைக் கொண்டுவந்தது நீ," என்றார் அண்ணி.

"ஆமா."

"இவளை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அந்தக் கடைப் பக்கம் போவேன் வருவேன். ஒருநாள் கல்லாவுக்குப் பின்னாடி நின்னு அழுதுக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான்."

"மருந்து வாங்கற அளவுக்கு உனக்கு என்ன வியாதி? அங்க எதுக்குப் போவே, வருவே?"

ரேடியோ தன் அடையாள அட்டையைப் பர்ஸில் செருகுவதில் மும்முரமானான்.

"உன் பேர் எதுக்குடா உள்ள இருக்கு?"

"இருக்குன்னும் சொல்ல முடியாது அண்ணி, இல்லைன்னும்..."

அவன் முடிக்கவில்லை. நகைச்சுவை பாதியிலேயே படுத்துவிட்டது. சித்தி பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து, அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னைப் போட்டுக்கொடுத்தவன் தனக்கு உதவ வந்தவனேதானா என்று அவள் கண் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்?

உண்மையைச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதைச் சொல்ல முடியாததுதான் அவனுடைய தலைவேதனை. அண்ணன் போன சில வாரங்களுக்குப் பிறகு, இதே கட்டிடத்தின் மாடியில், இதே ரேடியோ ஒரு புகார் கொடுத்தான். அண்ணன் கடைசியாகச் சாப்பிட்ட இருதய மாத்திரை போலியாக இருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். வழக்கமான கடை அன்று மூடியிருந்ததால், அந்த முதலாளியின் கடையில் வாங்கினான். வாங்கி வந்தது அவன், தண்ணீரோடு அண்ணன் கையில் கொடுத்தது அவன். 'உங்க பேர் எங்கயும் வராது, நீங்களும் வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது' என்றார்கள். அவனுக்கு அது வசதியாகவே இருந்தது. புருஷனைக் கொன்ற மாத்திரையை வாங்கி வந்தவன் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று அண்ணிக்கு எதற்குத் தெரியவேண்டும்? அதன் பிறகு துறையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அதனால்தான் அந்தக் கடையைத் தானே வட்டமடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணி அவனை விட்டுவிட்டுச் சித்தியிடம் திரும்பினார்.

"இவன் இதுவரைக்கும் யாரையும் அடிச்சதில்லை, யார் பொருளையும் தொட்டதில்லை. பேசியே சில பேரைச் சாகடிச்சிருக்கான், அதுக்கு இன்னும் சட்டம் வரலை. இவன் பேர் உள்ள இருந்தா அது குத்தம் பண்ணவனா இருக்காது, குத்தத்தைப் போய்ச் சொன்னவனா இருக்கும். திரை திரும்பினா பேர் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். பேர் இருந்தாலே குற்றவாளின்னு நாமளா நினைச்சுக்கிட்டோம்." சித்தியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "நீ யார் மேலயாவது புகார் கொடுத்தியாம்மா?"

சித்தியின் கண் முதலாளியின் கார் போன தெருவைப் பார்த்தது. "வெளியே சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

"சொல்லாதே. நான் சொல்றேன், தப்பா இருந்தா தலையை ஆட்டு. உன் கடையில சில மாத்திரை நல்ல மாத்திரை இல்லை."

சித்தி தலையை ஆட்டவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரேடியோ நிமிர்ந்து சித்தியைப் பார்த்தான். இரண்டு வருடமாகத் தன் மண்டைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த சந்தேகத்துக்கு இன்னொரு ஆள் சாட்சி சொல்கிறாள். அவனுக்கு ஒருபக்கம் நிம்மதி; மறுபக்கம், அண்ணன் கையில் தான் கொடுத்தது போலியேதான் என்று ஆகிறது.

"அப்படின்னா அந்த முதலாளி பேரும் உள்ள இருக்கணுமே அண்ணி," என்றான் ஒருவழியாக. "அவருக்குத் திரை திரும்பலையே."

"அதானே வேடிக்கை. பெரியப்பாகிட்ட அட்டை கேட்டார். உன்கிட்ட கேட்டார். முதலாளிகிட்ட மட்டும் கேட்டாரா?"

ரேடியோ யோசித்துப் பார்த்தான். கேட்கவில்லை. அட்டையைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டுகிற ஆசாமி, அந்தப் பெயரை மட்டும் பாராமல் அடித்தார்.

"பெரியப்பா மூக்கை இடிச்சுக்கிட்டாவது எட்டிப் பாத்தார். தன்னைப் பத்தி உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? இந்த மனுஷன் காலண்டரைப் பாத்துக்கிட்டு நிக்கறார். பரீட்சை ரிசல்ட்டை வாத்தியார் வீட்லயே பாத்துட்டு வந்தவன் அப்படித்தான் நிப்பான்." அண்ணி எழுந்தார். "புகார் இவ மூலமா வருது. கவுண்டர்ல இருக்கற அந்த எழுத்தர்தான் அதைப் பதிவு பண்றார், தலைகீழா. சொன்னவ மேலயே சந்தேகம்னு எழுதிட்டு, முதலாளி பேரை விட்டுடறார். யார் போய்ச் சரிபார்க்க முடியும்? புகார் கொடுத்தவளே வந்து கேட்டாலும் விலக்குன்னு சொல்லிடலாம். விசாரணையைக் காப்பாத்தத்தான் சட்டம் கதவை மூடுச்சு. உள்ள உக்காந்திருக்கறவன் மூடின கதவுக்குப் பின்னாடி வியாபாரம் பண்றான்."

"அவன்கிட்டயே போய்ச் சட்டையைப் பிடிக்கலாமா?"

"மேல போலாம்."

துறை இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைக்காது என்றார் வாசலில் இருந்தவர். உங்கள் விலக்குச் சட்டத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று மட்டும் போய்ச் சொல்லுங்கள் என்றார் அண்ணி. கதவு உடனே திறந்தது.

இயக்குநர் களைத்துப்போன முகத்தோடு இருந்தார். திரை திரும்பும் கதையை அண்ணி சொல்லி முடித்தபோது அவர் காது சிவந்துவிட்டது. அந்த உத்தரவைப் போட்ட மகராசன் அவரேதான்.

"எங்களுக்கு எதையும் காட்ட வேண்டாம் சார்," என்றார் அண்ணி. "நீங்க மட்டும் பாருங்க. இவ பேரையும் இவன் பேரையும். எந்தக் கடையைப் பத்தி, யார் பதிவு பண்ணது, அந்தக் கடைக்காரர் பேர் எங்க போச்சுன்னு பாருங்க. நாங்க உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். முகத்தைப் பாக்கறதுக்கு விலக்கு இல்லையே."

இயக்குநர் தட்டினார். படித்தார். மறுபடி தட்டினார், மறுபடி படித்தார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள அவர் எவ்வளவோ முயன்றார். தாடை இறுகியது, மூச்சு ஒருமுறை பலமாக வெளியே வந்தது. படித்த ஆவணத்தைவிட அந்த முகம் தெளிவாக இருந்தது.

"இவங்க பேர்ல பதிவு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது," என்றார். பிறகு மேஜைத் தொலைபேசியில், "கீழே தகவல் கவுண்டரை மூடச் சொல்லுங்க. அந்த எழுத்தர் எழுந்திருக்கட்டும், கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது" என்றார். அடுத்தபடியாகக் குழந்தைகள் நல அதிகாரியை அழைத்தார். "நாளை தீர்ப்பு வருதே, அந்த மனு. எங்க ஆட்சேபத்தை வாபஸ் வாங்கறோம். காரணமா? காரணம் சொல்ல முடியாது. விலக்கு."

சித்தி அழுதாள். அழுதுகொண்டே, "பையைப் பிரிக்கச் சொல்லிடவா?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"போ, நீயே போய்ப் பிரிச்சு அடுக்கு."

அவள் போன பிறகும் இயக்குநர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பொதுவா ஒரு கேள்வி. எந்தப் பதிவைப் பத்தியும் இல்லை," என்றார். "உங்க வீட்ல யாராவது இருதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்களா? அந்த மாத்திரை அட்டை ஏதாவது மிச்சம் இருந்தா எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

 ஆக, மனுஷன் போட்டு உடைத்துவிட்டார். அண்ணியின் பக்கம் பார்க்கத் தெம்பில்லாமல் ரேடியோ இயக்குநரிடமே பேசினான்.

"இல்லை சார். அன்னிக்கே வீடு முழுக்கத் தேடினேன். குப்பையில போயிருச்சுபோல. அட்டை இல்லாததாலதான் என் புகாரே..."

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணி கைப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பாதி மாத்திரைகள் இல்லை, பாதி அப்படியே இருந்தன. மருந்துக்கடையின் காகித உறைகூடக் கசங்காமல் கூடவே இருந்தது.

"அண்ணி," என்றான் ரேடியோ. 

"அவர் போன அன்னிக்கே எடுத்து வச்சுட்டேன்."

"உங்களுக்கும் சந்தேகம் இருந்துச்சா? அப்போவே எங்கயாவது கொடுத்து சோதிச்சிருக்கலாமே."

"சோதிச்சா தெரிஞ்சுபோயிருமே. வாங்கிட்டு வந்தவன் நீ. அப்புறம் நீ எப்படிச் சாப்பிடுவே, எப்படித் தூங்குவே? அதான் உனக்குத் தெரியவே வேணாம்னு ஜிப்பைப் போட்டு மூடி வச்சேன்."

"இப்போ கொடுக்கறீங்க."

"உனக்கு முன்னாடியே தெரியும்னு இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார். கீழே யாரோ நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து வாக்குவாதமும் கேட்டன. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. காலியான ஜிப்பை மூடப்போனவர், மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதாவது பேசுடா," என்றார் அண்ணி.

ரேடியோ வாயைத் திறந்து பார்த்தான். ஒரு வார்த்தைகூட வரவில்லை.